கடற்கரையில் தொடங்கும் மலை

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் இரண்டு கைடுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவன். அதனால் தெருப்பிள்ளைகளுக்கு இந்த மாதிரி சந்தேகம் வந்தால் நேராக எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். "சார், இந்தியாவின் மிக உயரமான சிகரம் எது? இதுல கே2ன்னு போட்டிருக்கு. இதுல கஞ்சன்ஜங்கான்னு இருக்கு. போன்ல பார்த்தா ஒரு இடத்துல நந்தாதேவின்னு வருது. நான் எதை எழுத?" என்று கேட்டாள்.

அவளுக்கு அன்றைக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. மீதியை இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் கண்ணால் பார்க்கிற மலையிலிருந்து வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள் காலையில் நம் குமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம் வயல்வரப்பில் நின்று வடக்கே பாருங்கள். தாடகை மலை படுத்துக்கிடக்கும். அதற்கும் அப்பால், மேகம் விலகிய நேரத்தில், மகேந்திரகிரி நீலமாகத் தெரியும். அனுமன் இலங்கைக்குத் தாவியது இந்த மலையிலிருந்துதான் என்று நம் பாட்டிகள் கதை சொல்வார்கள். இன்றைக்கு அதன் அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிறது. மகேந்திரகிரியின் உயரம் சுமார் 1650 மீட்டர். நம் ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் இதுதான் அளவு. இந்த மகேந்திரகிரியை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து தடவை அடுக்கினாலும் கஞ்சன்ஜங்காவின் உச்சி இன்னும் முந்நூறு மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். அதன் உயரம் 8586 மீட்டர். வகுப்பில் நான் இப்படித்தான் சொல்வேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து, மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். மலை அங்கேயேதான் நிற்கிறது. விடை மட்டும் ஏன் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. என் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். அப்போது 'நம் நாட்டின்' உயர்ந்த சிகரம் ஆனைமுடி. 2695 மீட்டர். யானையின் மத்தகம் போல உருண்டு நிற்கும் மலை. தென்னிந்தியாவில் அதைவிட உயரமானது கிடையாது. அது தேவிகுளம் தாலுகாவில் இருக்கிறது. திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் போராடியபோது தேவிகுளமும் பீருமேடும் சேர்த்துத்தான் கேட்டார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிரைக் கொடுத்தவர்கள் நம் மக்கள். கடைசியில் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. அந்த ஒரே நாளில் நம் மாநிலத்தின் உயர்ந்த சிகரம் ஆனைமுடியிலிருந்து நீலகிரியின் தொட்டபெட்டாவுக்கு மாறிவிட்டது. தொட்டபெட்டா 2637 மீட்டர். அதாவது ஐம்பத்தெட்டு மீட்டர் குறைந்தோம். மலை ஒரு அங்குலம்கூட நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. அப்பா இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரியும். தமிழகத்தோடு சேர்ந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனாலும் ஆனைமுடி போனதை அவரால் மறக்க முடியவில்லை.

இதே கதைதான் நாட்டுக்கும். 1975 மே மாதம் சிக்கிம் இந்தியாவின் 22-ஆவது மாநிலமாகச் சேர்ந்தது. கஞ்சன்ஜங்கா சிக்கிமுக்கும் நேபாளத்துக்கும் நடுவே எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. அதற்கு முந்தின காலத்தில் ஒருவர் கேட்டிருந்தால், 7816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியைக் காட்டியிருக்கலாம். இப்போதும் 'எந்த அயல்நாட்டு எல்லையையும் தொடாமல் முழுக்க நம் மண்ணில் நிற்கிற சிகரங்களில் எது உயரம்' என்று கேட்டால் நந்தாதேவிதான். கே2வின் உயரம் 8611 மீட்டர். இந்திய அரசின் வரைபடத்தில் அது நம் எல்லைக்குள் இருக்கிறது; நிலத்தில் பாகிஸ்தானின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆகவே மூன்று விடையும் பொய் இல்லை. கேள்வியில் 'இந்தியாவின்' என்ற சொல்லுக்கு எந்தக் கோட்டை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். நம் நிர்வாகத்தில் இருக்கிற மலைகளில் நந்தாதேவிக்கு அடுத்து காமெட் 7756 மீட்டர், சால்டோரோ காங்ரி 7742, சாசெர் காங்ரி 7672 என்று வரிசை போகிறது. தேர்வு எழுதுகிற பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.

எல்லைக்கோடு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் இந்த எண்கள்தான். 8586 என்று யார், எங்கே நின்று, எதை வைத்து அளந்தார்கள்? மலையுச்சியிலிருந்து கயிறு விட்டா பார்க்க முடியும்?

பல வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுசீந்திரத்துக்குக் கூட்டிப் போனேன். தாணுமாலயன் கோயில் கோபுரத்தை அளக்கிற பாடம். கையில் இருந்தது ஜியாமெட்ரி பெட்டியின் பாகைமானி, ஒரு நூல், நூலின் நுனியில் கட்டிய சைக்கிள் நட்டு. அவ்வளவுதான். கோபுரத்திலிருந்து தெருவில் 200 அடியைக் கயிற்றால் அளந்து சாக்பீஸால் கோடு போட்டோம். ஒரு பையன் கோட்டில் நின்று, பாகைமானியின் விளிம்பு வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோபுரத்தின் உச்சிக் கலசத்தைப் பார்த்தான். நூல் ஆடி நின்றதும் பக்கத்தில் இருந்தவன் எண்ணைப் படித்தான். 33 பாகை. டேன் அட்டவணையை நான் கொடுத்தேன். பெருக்கினார்கள். 130 அடி வந்தது.

சுசீந்திரம் கோபுரம் 134 அடி என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நாலு அடி எங்கே போச்சு? நூல் ஆடியிருக்கும் என்றான் ஒருவன். கயிறு தொய்ந்திருக்கும் என்றான் இன்னொருவன். கடைசியில் பின்னால் நின்ற ஒரு சிறுமி மெதுவாகச் சொன்னாள்: "சார், அவன் கண்ணுல இருந்துல்லா அளந்தோம். தரையில இருந்து இல்லியே." அந்தப் பையனின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நாலு அடி உயரத்தில் இருந்தது. அதைக் கூட்ட எல்லோரும் மறந்துபோயிருந்தோம். கூட்டியதும் கணக்குச் சரியாகிவிட்டது. முப்பத்தாறு வருட வாத்தியார் வேலையில் எனக்கு மனசு நிறைந்த நாட்களை எண்ணினால், அது முதலில் வரும்.

இதே முறையில்தான் இமயமலையையும் அளந்தார்கள். அந்த வேலை நம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு எஃகுச் சங்கிலி போட்டு ஒரு கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டை வைத்து முக்கோணம் மேல் முக்கோணமாக நாடு முழுக்கக் கணக்கிட்டுக்கொண்டே போனார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. அதை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு மலைகளிலும் கோபுரங்களிலும் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வாரக்கணக்கில் பாடுபட்டு, தன் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

இந்தியாவின் நடுமுதுகு வழியாகத் தெற்கு வடக்காக அவர்கள் அளந்த அந்தப் பெரிய வில்லுக்கு, அதாவது பூமியின் வளைவை ஒட்டிப் போன நீண்ட கோட்டுக்கு, தெற்கு முனை எங்கே தெரியுமா? நம் குமரிமுனைக்குப் பக்கத்தில். அவர்களுடைய ஏடுகளில் அந்த இடத்துக்குப் 'புன்னை' என்று பெயர். எட்டு பாகை ஒன்பது கலை, அதாவது ஒன்பது நிமிடம், அட்சரேகை. நம் கடற்கரையில் புன்னை மரத்துக்கா பஞ்சம்? அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புன்னைக்காய் பொறுக்கி விளையாடிய சின்ன வயது ஞாபகம் வரும். இங்கே தொடங்கிய முக்கோணங்கள்தான் லாம்டன் 1823-இல் இறந்த பிறகும் ஜார்ஜ் எவரெஸ்டின் தலைமையில் வடக்கே வளர்ந்துபோய் இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டன. நேபாளம் அன்று வெளியாட்களை உள்ளே விடவில்லை. அதனால் 150 கிலோமீட்டருக்கும் அப்பால், சமவெளியில் நின்றுகொண்டு சிகரங்களைப் பார்த்தார்கள். அவ்வளவு தூரத்தில் வெளிச்சமே வளைந்துதான் வரும். வெயில் ஏற ஏற அந்த வளைவும் மாறும். அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு வங்காளி, ராதாநாத் சிக்தார். பத்தொன்பது வயதுக்குள் வேலைக்குச் சேர்ந்த கணித மேதை. 1852 வரைக்கும் உலகத்திலேயே உயர்ந்தது கஞ்சன்ஜங்கா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாம் எண் சிகரம் என்று குறித்துவைத்திருந்த ஒன்று அதையும் தாண்டுகிறது என்பதைச் சிக்தாரின் கணக்குக் காட்டியது. 29,002 அடி. நேபாளமும் சீனாவும் சேர்ந்து செயற்கைக்கோள் உதவியோடு அளந்து 2020-இல் அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். அடியில் சொன்னால் 29,031 சொச்சம். பேனாவும் காகிதமும் வைத்துப் போட்ட கணக்குக்கும் இதற்கும் முப்பது அடிதான் வித்தியாசம். ஆனால் சிகரத்துக்கு வைத்த பெயர் எவரெஸ்ட். சிக்தாரின் பெயர் இன்னும் எத்தனை பாடப்புத்தகத்தில் இருக்கிறது? இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம். அதனால் எந்த மேடை கிடைத்தாலும் அவர் பெயரைச் சொல்லிவிடுவேன்.

கே2 என்ற பெயரும் இப்படி அளவையாளர் போட்ட குறிதான். காரகோரத்துக்கு 'கே', அவர் நோட்டில் எழுதிய இரண்டாவது சிகரம் என்பதால் இரண்டு. அவ்வளவே.

இனி, எனக்கு அண்மையில் நடந்த ஒன்று. என் பேரன் ஒன்பதாவது படிக்கிறான். ஒருநாள் கன்னியாகுமரியில் முக்கடல் சங்கமத்தில் காலை நனைத்துக்கொண்டு நின்றோம். அவன் போனில் உயரம் காட்டுகிற ஒரு செயலியைத் திறந்தான். எங்கள் கால் கடல்தண்ணீரில் இருக்கிறது, போன் என்ன காட்ட வேண்டும்? பூஜ்யம். அது மைனஸ் தொண்ணூறு சொச்சம் மீட்டர் என்று காட்டியது! "தாத்தா, நாம கடலுக்கு அடியில நிக்கோம்" என்று சிரித்தான். போன் கெட்டுப்போய்விட்டது என்று அணைத்து மறுபடியும் போட்டான். மறுபடியும் அதேதான்.

போன் கெடவில்லை, மக்ளே, என்று அவனை அங்கேயே படிக்கட்டில் உட்காரவைத்துச் சொன்னேன். செயற்கைக்கோள் கணக்கில் பூமி என்பது துருவப் பக்கம் கொஞ்சம் அமுங்கிய, வழவழப்பான ஒரு உருண்டை. அந்தக் கற்பனை உருண்டையின் மேற்பரப்பிலிருந்துதான் இந்த மாதிரிச் செயலிகள் உயரம் சொல்கின்றன. நிஜக் கடல் அப்படி வழவழப்பாக இல்லை. பூமியின் ஈர்ப்பு கூடுகிற இடத்தில் தண்ணீர் மேடாக நிற்கும், குறைகிற இடத்தில் பள்ளமாக இருக்கும். உலகத்திலேயே மிகப் பெரிய அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்றால், நமக்கும் இலங்கைக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அதன் நடுவில் கடல் மட்டம் அந்தக் கற்பனை உருண்டையைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. கன்னியாகுமரிக் கரை அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. படகில் போனால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு அகலமான சரிவு. ஏன் அங்கே ஈர்ப்பு குறைவு என்பதற்கு, ஆழத்தில் சூடான, அடர்த்தி குறைந்த பாறை மேலெழுவதுதான் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023-இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள்.

அவன் அடுத்து ஒரு கேள்வி கேட்டான். "அப்போ கஞ்சன்ஜங்கா கடல் மட்டத்துல இருந்து 8586ன்னா, எந்தக் கடல்?" நல்ல கேள்வி. கடல் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. ஏற்றம், வற்றம், ஆடி மாதத்துக் கொந்தளிப்பு. அதனால் துறைமுகங்களில் அலைமானி வைத்து, வருடக்கணக்காகத் தண்ணீரின் மட்டத்தைக் குறித்துச் சராசரி எடுத்தார்கள். 1909-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு மட்டத்தை முடிவு செய்தபோது ஒன்பது துறைமுகங்களின் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையின் ஃபால்ஸ் பாயின்ட். அந்தச் சராசரியிலிருந்து தரைவழியாக மட்டம் பிடித்துக்கொண்டே உள்நாட்டுக்குப் போனார்கள். ரயில் நிலையப் பலகையில் 'கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கடல் இதுதான். நாகப்பட்டினத்து மீனவர் தினமும் பார்க்கிற தண்ணீரும் இமயமலை உயரத்தில் ஒரு பங்கு.

இன்னும் ஒரு விந்தை. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு போட்டுப் பார்ப்பார் இல்லையா? இமயத்தின் பக்கத்தில் அந்தத் தூக்குக்குண்டே நேராகத் தொங்காது. மலை தன் பக்கம் இழுக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று பிராட் என்பவர் 1855-இல் கணக்குப் போட்டார். உண்மையில் இழுத்தது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஏன் என்றால் மலைக்குக் கீழே, அடர்த்தி குறைந்த பாறை ஆழத்துக்கு வேர்விட்டிருக்கிறது என்று ஏரி என்பவர் விளக்கினார். குளச்சலில் சரக்கேற்றிய வள்ளத்தைப் பாருங்கள். பாரம் கூடக் கூட, தண்ணீருக்குள் இறங்கியிருக்கிற பாகமும் கூடும். மலையும் அப்படித்தான் மிதக்கிறது.

கஞ்சன்ஜங்காவை முதன்முதலில் 1955 மே 25 அன்று இரண்டு ஆங்கிலேயர்கள் ஏறினார்கள். ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட். அவர்கள் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். அந்தச் சிகரம் சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1977-இல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் போன நம் ராணுவக் குழுவும் அதே மரியாதையைக் காப்பாற்றியது. அப்புறம் சிக்கிம் அரசு தன் பக்கத்திலிருந்து ஏறுவதையே நிறுத்திவிட்டது. நந்தாதேவியின் உட்பகுதியும் 1980-களின் தொடக்கத்திலிருந்து மூடப்பட்டிருக்கிறது. எண்ணாயிரம் மீட்டர் ஏறி வந்த மனிதன் கடைசிச் சில அடியை விட்டுக்கொடுத்திருக்கிறான். அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

ஏனென்றால் எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு பொற்றை இருந்தது. பெரிய மலை இல்லை. மருந்துவாழ்மலையில் பாதிகூட இராது. உச்சியில் ஒரு சர்வே கல், அதில் அம்புக்குறி செதுக்கியிருக்கும். ஆடு மேய்க்கிற பையன்கள் அந்தக் கல்லில் உட்கார்ந்து சீனிக்கிழங்கு தின்பார்கள். நானும் தின்றிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மகேந்திரகிரி. பிறகு குவாரி வந்தது. காலையிலும் மாலையிலும் வெடிச்சத்தம். வீட்டுச் சுவரில் கீறல் விழுந்தது. மனுக் கொடுத்தோம், போய்ப் பார்த்தோம், திரும்பி வந்தோம். டாரஸ் லாரிகள் ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடின. இன்றைக்கு அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் இருக்கிறது. கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்துப் பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதானது. இமயம் எழும்பத் தொடங்கியே ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த வகையில் நம் பொற்றை இமயத்துக்குப் பாட்டன். ஒரு பத்து வருடத்தில் ஜல்லியாகிப் போய்விட்டது. அந்தச் சர்வே கல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "மக்ளே, கேள்வியை இரண்டு தடவை படி. விடைப் பட்டியலில் கே2 இருக்கிறதா என்று பார். இருந்து, கேள்வி இந்திய வரைபடத்தின்படி என்று கேட்டால் கே2. அது இல்லையென்றால் கஞ்சன்ஜங்கா. முழுக்க நாட்டுக்குள் என்று கேட்டால் நந்தாதேவி. தமிழ்நாடு என்றால் தொட்டபெட்டா, தென்னிந்தியா என்றால் ஆனைமுடி." அவள் குறித்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, "சார், நம்ம மாவட்டத்துல இருந்து பார்த்தா தெரியிற உயரமான மலை எது?" என்று கேட்டாள். கைடில் இல்லாத கேள்வி. வடமேற்கே கேரள எல்லையில் நிற்கிற அகத்தியர்மலை, 1868 மீட்டர், என்றேன். எங்கே நின்றால் தெரியும் என்று கேட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தால், அவளையும் என் பேரனையும் கூட்டிக்கொண்டு மருந்துவாழ்மலை ஏறுகிறோம். பாகைமானியும் நூலும் எடுத்துவைத்துவிட்டேன். நட்டுக்குப் பதிலாக இந்தத் தடவை கொத்தனார் ஒருவர் ஒரு சின்னத் தூக்குக்குண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.